மாமா வேனில் ஒரு பட்டர்ஃப்ளை!

உங்க க்ளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். யார் வண்டியைப் பார்த்தாலும், "மச்சி, இதுல ஒரு சின்ன வேலை பண்ணா..." என்று ஆரம்பிப்பான். அந்தச் சின்ன வேலை முடியும்போது வண்டி ஓனர் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். எங்க க்ளாஸ்ல அவன் பேர் டர்போ. வீட்ல வெச்ச பேர் வேற. அது அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கு.

டர்போவோட லேட்டஸ்ட் காதல் யார் தெரியுமா? த்ராட்டில் பாடி! அதைக் கழட்டி, உள்பக்கம் உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்க்கணும். நடுவுல குறுக்கே போற ஷாஃப்ட்டை அரத்தால் ராவி பாதியாக்கணும். தகட்டோட ஓரத்தைக் கத்தி மாதிரி கூர் பண்ணணும். அவ்வளவுதான், எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடும், பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும். இது அவன் தியரி. அவன் மட்டும் இல்லை, எந்த காலேஜ் பார்க்கிங்லயும் கேட்டுப் பாருங்க, நாலு பேராவது தலையில் அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க. வீட்டுலயே பண்ணலாம், செலவே இல்லைன்னும் சொல்வாங்க.

சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா போன மாசம் அந்தத் தியரி என் தாய்மாமா வீட்டு வாசலுக்கே வந்துடுச்சே!

மாமா இருப்பது சேலையூரில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மஞ்சள் பெயின்ட், 'பள்ளி வாகனம்' போர்டு, வருஷா வருஷம் எஃப்.சி. என்று எல்லாம் முறையாக இருக்கும் மாருதி ஆம்னி. 2019-லேயே கம்பெனி தயாரிப்பை நிறுத்திட்டதால, அந்த வண்டியை மாமா பாட்டி மாதிரி பார்த்துக்கறார். காலையில் ரெண்டு ட்ரிப், மத்தியானம் ரெண்டு ட்ரிப். செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம்னு சந்து சந்தா புகுந்து குட்டீஸை அள்ளிக்கிட்டு வருவார். ஒரு நாள் வேன் வரலைன்னா பேரன்ட்ஸ் பொறுத்துப்பாங்க. ரெண்டாவது நாள் வேற வேன் அண்ணா நம்பர் வாங்கிடுவாங்க. அத்தை பார்க்கும் தையல் வேலையையும் சேர்த்து, அந்த வீட்டில் சோறு வேகுவது இந்த ஆம்னி ஓடுவதால்தான்.

அந்த வேனுக்கு ரெண்டு மாசமா மூச்சுத் திணறல். கேம்ப் ரோடு சிக்னலில் நின்னா ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும், சில சமயம் ஆஃப் ஆகிடும். தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது செகண்ட் கியரை விட்டு மேலே போனா இருமும். "பக்கத்துத் தெருக்காரன் புது வண்டி எடுத்துட்டான் மாப்ள. நம்ம வண்டி சிக்னல்ல ஆஃப் ஆச்சுன்னா, உள்ள இருக்கற பசங்களே 'அந்த அங்கிள் வேன் நல்லா போகுது'ன்னு சொல்லுதுங்க" என்றார் மாமா. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். ஆனா சிரிப்பு கண்ணு வரைக்கும் போகலை.

பக்கத்தில் இருந்தது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம டர்போ. "அங்கிள், சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் குடுங்க. திங்கட்கிழமை காலையில பறக்கும்" என்றான். மாமாவும் "பத்து பைசா செலவு இல்லைங்கறானேப்பா" என்று தலையாட்டத் தொடங்கிட்டார்.

இங்கேதான் கொஞ்சம் தியரி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் வெச்சிருக்கறவங்களும் பயப்படாம படிக்கலாம்.

ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பெட்ரோல் கூடுதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில் அந்த மிதி பெட்ரோலுக்கு இல்லை, காற்றுக்கு. கேபிள் இழுக்க, த்ராட்டில் பாடியின் வட்டமான குழாய்க்குள் இருக்கும் ஒரு தகடு திரும்பும். அதுக்குப் பேர் பட்டர்ஃப்ளை. அது எவ்வளவு திறக்குதோ அவ்வளவு காற்று உள்ளே போகும். எவ்வளவு காற்று போச்சுன்னு சென்சார் வழியா பார்த்து, ஈ.சி.யூ. அதுக்கேத்த பெட்ரோலைத் தெளிக்கும். ஆக, பட்டர்ஃப்ளையோட வேலையே காற்றை மறிச்சு நிற்பதுதான்! அடைக்கறதுக்குன்னே வெச்ச கதவுகிட்ட போய், "ஏன்பா அடைக்கிறே?"ன்னு கேட்டா என்ன நியாயம்?

இன்னொண்ணு. அந்தத் தகடு முழுசா மூடிய நிலையிலிருந்து 20 டிகிரி திரும்பினா குழாயில் எவ்வளவு வழி திறக்கும்? கொசைன் டேபிளை எடுத்துப் பாருங்க. சுமார் 6 சதவிகிதம்தான். 60 டிகிரி திரும்பினால்தான் பாதி வழியே கிடைக்கும். வேளச்சேரி மெயின் ரோட்டில் காலை ஏழரை மணிக்கு எந்த மகராசன் 60 டிகிரி மிதிக்கப் போறான்? முன்னால் மாநகரப் பேருந்து, பின்னால் தண்ணி லாரி, இடது பக்கம் யூ-டர்ன் போடும் ஆட்டோ. முக்கால்வாசி நேரம் கதவு ஒருக்களிச்சுத்தான் இருக்கும். கதவே ஒருக்களிச்சிருக்கும்போது, வாசல்படியை பாலிஷ் போட்டால் கூடுதலாக ஒரு ஆள் நுழைய முடியுமா?

முழுசாத் திறக்கும்போது மட்டும் டர்போ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. அப்போ தகடு காற்றோட திசையிலேயே படுத்துடும். அதைப் பிடிச்சிருக்கும் ஷாஃப்ட் மட்டும் குறுக்கே நிற்கும். ரேஸில் ஓட்டறவங்க ஷாஃப்ட்டைத் தேய்ப்பது அதுக்குத்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து இருக்கும் நம்ம சென்னை ரேஸ் ட்ராக் மாதிரி இடத்தில், நேர்கோட்டில் மிதிச்ச மிதியை எடுக்காம போகும்போது, ஒரு சதவிகிதம்கூட ஒரு கார் நீளம் வித்தியாசம் தரும். மாமா வேன் அங்கே போகாது. மாடம்பாக்கம்தான் போகும்.

இதையெல்லாம் நான் சொன்னதும் டர்போ, "தியரி பேசாத மச்சி, அரத்தை எடு" என்றான். எனக்கும் வேற வழி தெரியலை. "சரி, மாமா வண்டியில கை வைக்காத. புதுப்பேட்டையில பழசு ஒண்ணு வாங்கு. அதுல உன் வித்தையெல்லாம் காட்டு. அளந்து பார்ப்போம்" என்றேன். மாமாவுக்கும் அது நியாயமாப் பட்டது. அத்தைக்கு எதுவுமே நியாயமாப் படலை. அது வேற விஷயம்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் பிடிச்சு, எழும்பூரில் இறங்கி நடந்தோம். புதுப்பேட்டைக்குப் போகாத ஆட்டோமொபைல் ஸ்டூடன்ட், கடலைப் பார்க்காத மீனவன் மாதிரி. ஒரு கார் அக்கக்காகப் பிரிஞ்சா என்னென்ன இருக்கும்னு புத்தகத்தில் படிக்கவே வேண்டாம், தெரு முழுக்கத் தொங்கும். கதவுக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை, கியர்பாக்ஸ் மட்டுமே அடுக்கி வெச்ச ஒரு கடை. நாங்கள் கேட்ட பீஸை ஒரு பெரியவர் நிமிர்ந்துகூட பார்க்காமல் ஒரு குவியலுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். பேரம் பேசியது டர்போ. பேரத்தில் அவனை அடிச்சுக்க ஆளில்லை.

மத்தியானம் மாமா வீட்டு போர்ட்டிகோவில் வேலை தொடங்கிச்சு. ஷாஃப்ட்டைத் தேய்க்கணும்னா முதலில் தகட்டைக் கழட்டணும். தகட்டை ஷாஃப்ட்டோட பிடிச்சிருப்பது ரெண்டே ரெண்டு குட்டி ஸ்க்ரூ. கம்பெனியில் அதை முறுக்கினதும் பின்பக்க நுனியை அடிச்சு நசுக்கி வெச்சிடுவாங்க. எந்தக் காலத்திலும் தானா கழலக் கூடாது என்பதற்காக. ஏன்னா அது கழண்டால் போய் விழற இடம் ரோடு இல்லை, நேரா எஞ்சின் வயிறு. டர்போ பலமா திருப்பினான், ஒரு ஸ்க்ரூவின் தலை கையோட வந்துடுச்சு. மீதியை ட்ரில் போட்டு எடுத்தான். ரெண்டு மணி நேரம் ராவினான். உண்மையைச் சொல்லணும், கை சுத்தமான கைதான். உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. மாமா எடுத்துப் பார்த்து, "தங்க வளையல் மாதிரி இருக்குடா" என்றார்.

இப்ப டெஸ்ட். ஃப்ளோ பெஞ்ச்னு காலேஜ் லேபில் ஒண்ணு இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் லேபைத் திறக்க யார் இருக்கா? அத்தையோட வாக்குவம் க்ளீனரை எடுத்தோம். ஒரு ப்ளைவுட் பெட்டியில் ஒரு பக்கம் த்ராட்டில் பாடி, மறுபக்கம் க்ளீனர் குழாய். பெட்டிக்குள் எவ்வளவு இழுவைன்னு பார்க்க, மீன் தொட்டி ட்யூபை 'யு' மாதிரி வளைச்சு, குங்குமம் கரைச்ச தண்ணியை ஊத்தினோம். "சாமி குங்குமத்தையா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அறிவியலுக்காகச் சில தியாகங்கள்!

ராவறதுக்கு முன்னாடியே ஒரு தடவை அளந்து வெச்சிருந்தோம். ராவின பிறகு அதே மாதிரி அளந்தோம். 20 டிகிரியில் தண்ணி மட்டத்தில் வித்தியாசம்? கண்ணுக்குத் தெரியலை. 45 டிகிரியிலும் அதே கதை. முழுசாத் திறந்தபோதுதான் டர்போ குதிச்சான். "இறங்கிடுச்சு பாரு, இறங்கிடுச்சு பாரு!" ஆமாம், இறங்கித்தான் இருந்தது. ஸ்கேல் வெச்சுப் பார்த்தா ஒரு சென்டிமீட்டர்.

அந்த ஒரு சென்டிமீட்டருக்கு என்ன அர்த்தம்? நம்ம தலை மேல இருக்கும் காற்றோட அழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணிக்குச் சமம். அதாவது ஆயிரம் சென்டிமீட்டர். அதில் ஒன்று மிச்சம். எஞ்சின் க்ளீனர் மாதிரி சீரா இழுக்காது, விட்டு விட்டு இழுக்கும்னு டர்போ வாதாடினான். சரிப்பா, பத்து மடங்கு கூட்டியே வெச்சுக்கோ. நூற்றில் ஒன்று. ஆம்னிக்கு இருப்பதே சுமார் 35 குதிரைத்திறன். அதில் நூற்றில் ஒன்று என்றால் குதிரை இல்லை, குதிரையோட வால். குட்டீஸோட வேன் எடை ஒரு டன் வரும். அதில் நூற்றில் ஒன்று பத்து கிலோ. ஒரு எல்.கே.ஜி. வாண்டு லீவு போட்டாலே அதைவிட அதிக பிக்கப் கிடைக்கும்!

டர்போ அப்பவும் விடலை. அதனால அவனை அவன் ஆயுதத்தாலேயே அடிச்சேன். எங்க காலேஜ் ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம்ல அவன் மெம்பர். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகணும்னு கனவு காண்கிற கோஷ்டி. (அந்த ட்ராக்கின் பெயருக்குச் சொந்தக்காரரான கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துட்டார். மாமா வேனில் இருப்பதும் அதே 796 சி.சி. குடும்பம்தான். இதைச் சொன்னதும் மாமா சீட்டைத் தட்டிக் கொடுத்தார்.)

"ஃபார்முலா ஸ்டூடன்ட் ரூல் என்னடா?" என்றேன். அவனே சொன்னான். 710 சி.சி.க்குள் எந்த எஞ்சின் வேணும்னாலும் வைக்கலாம். ஆனா பெட்ரோல் வண்டின்னா, எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துவாரம் வழியாத்தான் போகணும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன ஓட்டை! அது வழியாவே 600 சி.சி. பைக் எஞ்சினை வெச்சு 70 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கற டீம்கள் உலகம் முழுக்க இருக்கு. நல்ல வடிவம் கொடுத்தால், அந்த ஓட்டை நிமிஷத்துக்கு 3,500 லிட்டருக்கும் மேல் காற்றை விடும். ஆம்னி எஞ்சின் 5,000 ஆர்.பி.எம்.மில் முக்கி முக்கி இழுத்தாலும், கணக்குப்படி 2,000 லிட்டரைத் தாண்டாது. மாமா வேனோட துவாரமோ 20 மி.மீ.யைவிட ரொம்பப் பெரிசு. "அப்ப காற்றை யாரு தடுக்கறா, சொல்லு?"

டர்போ பதில் சொல்லாம, ராவின பீஸில் தகட்டை மாட்டி லிவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தான். அப்பதான் அது நடந்தது.

லிவரை விட்டான். 'டக்'குன்னு மூடணும். மூடலை.

பாதி தேய்ஞ்ச ஷாஃப்ட் லேசா வளைஞ்சிருந்தது. கூர் பண்ணின தகட்டு ஓரம் குழாய் சுவரில் கீறி மாட்டிக்கிச்சு. ஸ்ப்ரிங் இழுத்துக்கிட்டே இருக்கு, தகடு திறந்தபடியே நிற்குது. டர்போ விரலால் தட்டினான், மூடிச்சு. மறுபடி திருப்பினான், மறுபடி மாட்டிக்கிச்சு. ரோட்டில் இதுக்கு என்ன அர்த்தம்னு வண்டி ஓட்டறவங்களுக்குச் சொல்ல வேண்டாம். காலை எடுத்த பிறகும் வண்டி முன்னால பாயும்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். பீஸைக் கையில் வாங்கினார். நாலு தடவை திருப்பினார். ரெண்டு தடவை மாட்டிச்சு. எதுவும் பேசாம உள்ளே போய் டீ குடிச்சுட்டு வந்தார்.

தாம்பரத்துக்காரங்களுக்கு மாமாவோட அந்த மௌனம் புரியும். 2012 ஜூலையில், இதே ஊரில் முடிச்சூர் பக்கம், ஸ்கூல் பஸ்ஸோட தரையில் இருந்த ஓட்டை வழியா இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி விழுந்து இறந்தாள். எஃப்.சி. வாங்கிச் சில நாட்களே ஆன பஸ் அது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குன்னு தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. நான் அப்ப சின்னப் பையன். ஆனா மாமா வீட்டில் இன்னைக்கும் காலையில் வண்டி எடுக்கும் முன்னாடி ஒரு பழக்கம் உண்டு. கீழே குனிஞ்சு, டார்ச் அடிச்சு, தரைத் தகட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். ஏன்னு யாரும் கேட்டதில்லை.

டீ குடிச்சுட்டு வந்தவர் டர்போவைப் பார்த்து, "தம்பி, உன் வேலை நல்ல வேலை. என் வண்டிக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

சட்டமும் இதில் தலையிடும், ஒரு வரியில் சொல்லிடறேன். கம்பெனியின் ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனை மாற்றக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஆர்.டி.ஓ. என்ன, குழாய்க்குள்ள தலையை விட்டா பார்ப்பார்?" என்று டர்போ கேட்டான். பார்க்க மாட்டார்தான்.

ஞாயித்துக்கிழமை மாமா வண்டியோட சொந்த த்ராட்டில் பாடியைக் கழட்டினோம். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் போதும், தெரியும். பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிட்டு, எந்த ஹோஸ் எங்கேன்னு செல்போனில் போட்டோ எடுத்துக்கிட்டுத் தொடங்கினோம். உள்ளே பார்த்தா... ஐயோ! தகட்டைச் சுற்றி தார் மாதிரி கறுப்புப் பிசின். எஞ்சினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை வருஷக்கணக்கா படிஞ்சு படிஞ்சு அப்படி ஆகும். ஐட்லிங்கில் காற்று போகும் வழி நூலிழை மாதிரிதான். அதுல பிசின் அடைச்சா வண்டி ஆடாம என்ன செய்யும்?

த்ராட்டில் க்ளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் அடிச்சு, பழைய டூத் ப்ரஷ்ஷால் மெதுவா தேய்ச்சோம். சென்சார் மேல நேரா அடிக்கலை. உப்புத்தாளைத் தொடவே இல்லை, அரம் டர்போ பையை விட்டு வெளியே வரலை. கேஸ்கட்டைப் புதுசா போட்டோம். நீங்க செய்யறதா இருந்தா ஒரு விஷயம்: இப்ப வரும் கார்களில் நிறைய வண்டிக்குக் கேபிளே கிடையாது, மோட்டார்தான் தகட்டைத் திருப்பும். அதை விரலால் அழுத்தித் திறந்தா உள்ளே பல்சக்கரம் போயிடும். அந்த வண்டியில் வீட்டுல கை வைக்காதீங்க, ப்ளீஸ்.

நிஜமான வில்லன் அதுக்கப்புறம்தான் மாட்டினான். மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ், வளைவில் விரிசல் விட்டிருந்தது. அது வழியா கணக்கில் வராத காற்று நுழைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. காற்று பத்தலைன்னு நாங்க துவாரத்தைப் பெரிசாக்கப் பார்த்தோம். வண்டிக்கோ காற்று வேண்டாத இடத்தில் உள்ளே போய்க்கிட்டிருந்தது! அதைக் கண்டுபிடிச்சது டர்போதான், அந்த க்ரெடிட் அவனுக்கு. ஏர் ஃபில்டரைத் தட்டினா செம்பாக்கம் ரோட்டுப் புழுதி பாதி கொட்டிச்சு. அதையும் மாத்தினோம். ஸ்ப்ரே, ஹோஸ், ஃபில்டர், கேஸ்கட் எல்லாம் சேர்த்தும் டர்போவோட ஒரு ஹெட்ஃபோன் விலை வரலை. ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்ச நேரம் ஏறி இறங்கிட்டு, நின்ன இடத்தில் அமைதியா உறுமிச்சு.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு மாமா போன். நான் ஹாஸ்டலில் அரைத் தூக்கம்.

"மாப்ள, கேம்ப் ரோடுல மூணு சிக்னல் நின்னேன். ஆஃப் ஆகலை."

"மேம்பாலம் எப்படி மாமா?"

"அது இப்பவும் செகண்டுதான். இருமல் இல்ல. அது போதும்."

டர்போ? புதுப்பேட்டை பீஸை இன்னும் விடலை. வளையாத ஷாஃப்ட், மாட்டிக்காத தகடு எப்படிப் பண்றதுன்னு டிராயிங் போட்டுக்கிட்டிருக்கான். மாமா வண்டிக்கு இல்லையாம், ஃபார்முலா டீம் காருக்காம். லேபுக்கு ஒரு வாக்குவம் க்ளீனர் வேணும்னு ஹெச்.ஓ.டி.க்கு லெட்டர் எழுதி, என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனான். அத்தையோட க்ளீனரைக் கேட்டோம். குங்குமக் கறை போனதும் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க.